எட்டாவது நிமிடத்துப் பெயர்ப்பலகை

என் அப்பா கனடாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் ரொறன்ரோவில் இருபத்தாறு வருடம் வேலை செய்திருக்கிறார்.

"கந்தையா, உனக்கும் ஒரு கோப்பி வாங்கவோ?" என்று காலையில் கேட்பார்கள். நான் பிந்திப் போனால், "கந்தையாவைக் காணேல்லை" என்பார்கள். வாசலில் தொங்கிய அடையாள அட்டையில் என் முகம், அவர் பெயர். நான் பஞ்சலிங்கம். கந்தையா என் அப்பா. வந்திறங்கிய அன்று குடிவரவு மேசையிலிருந்த அதிகாரி கடைசிப் பெயர் என்ற பெட்டியில் அப்பாவைப் போட்டுவிட்டார். பஞ்சலிங்கம் என்பது வெள்ளைக்கார நாக்குக்கு நாலு படி ஏறி இறங்குகிற வேலை. வேலையிடத்தில் கந்தையாவைத் தெரிவு செய்தார்கள். நானும் திருத்தவில்லை. திட்டு விழும்போது அது அப்பாவுக்கு விழுகிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, படம் சரிபார்க்கும் என் மேசைக்கு வந்த பிள்ளை போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கிள், இப்ப முதல் செக்கிங்கை மெஷின் செய்யுது. அதுக்குப் பிறகு நாங்கள் என்னத்தைப் பாக்கிறது?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் ஒரு படம்தான் ஞாபகம் வந்தது. அதில் நான் விட்ட பிழையும் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நடந்த பேச்சுகளையும் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அவை அப்படித்தான் ஞாபகம் இருக்கின்றன.

எங்கள் ஸ்ரூடியோ, கம்பளம் விற்கிற கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. பிறநாட்டுப் படங்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுப்பதும், திரையின் அடியில் ஆங்கில வரி போடுவதும் தொழில். நான் சேர்ந்தது தள்ளுவண்டிக்காரனாக. அலமாரியிலிருந்து பட நாடாக்களை எடுத்து அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் அப்படிப் போகும்போது ஒரு திரையில் கொரியப் படம் ஓடியது. அரை மணிக்கு முதல் செத்த ஆளின் பெயரில் ஒரு வரி வந்தது.

"இவர் அப்பவே செத்திட்டார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "நாளைக்கு வண்டியை விட்டிட்டு வா" என்றது.

அதுதான் டொறீன். சரிபார்ப்புப் பகுதியின் தலைவி. என் பயிற்சிக் காலம் இந்த ஒரு வசனத்தோடு முடிந்தது என்று சொன்னால் பெரிய பொய் இல்லை.

டொறீன் மெலிந்த, உயரமான பெண். பதினொரு மணிக்கு அவித்த முட்டை ஒன்றை உப்பில்லாமல் சாப்பிடுவார். யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். நாங்கள் சரிபார்த்துக் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் தாளின் தலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான். எந்த நிமிடம், எந்த வரி, ஒன்றும் இருக்காது.

"எங்கை பிழை?" என்று புதிதில் ஒருதரம் கேட்டேன்.

"தெரிஞ்சால் எழுதியிருப்பன்" என்றார்.

அவர் பழக்கிய முறை இது. ஒரு படத்தை மூன்று தரம் பார்க்க வேண்டும். முதலில் சத்தமில்லாமல், படமும் வரியும் மட்டும். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி இருந்து, குரல் மட்டும். மூன்றாவது தரம் இரண்டையும் சேர்த்து. கையில் ஒரு தாள் இருக்கும். அதில் பெட்டிகள். வரி வாசிக்க நேரம் போதுமா, காட்சி மாறும் இடத்தில் வரி தொங்கிக்கொண்டு நிற்கிறதா, பெயர்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா. ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் போட்டுக் கடைசியில் கையெழுத்து. பெயர்ப் பெட்டிக்கு உதவியாக, மொழிபெயர்ப்பை எழுதியவர் ஒரு பெயர்ப்பட்டியல் தருவார். அதில் ஒருமாதிரியும் படத்தில் ஒருமாதிரியும் இருந்தால் பிடிக்க வேண்டும். பெயர் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் விழுவதற்கு இந்த உயரம் தேவைப்படும்.

எங்கள் ஆட்கள் படங்களில் வராமல் இல்லை. வாடகைக்கார் ஓட்டுவார்கள், கடையில் நிற்பார்கள், குண்டு வைப்பார்கள். எல்லாருக்கும் ஒரே குரல். ஒஷாவாவிலிருந்து வருகிற ஒரு நல்ல வெள்ளைக்கார மனிதர் எல்லாருக்கும் பேசுவார். ஒருதரம் அவருக்குத் தடிமன், குரல் அடைத்துவிட்டது. "கந்தையா, நீ வந்து மூண்டு வரி சொல்லு" என்று என்னைக் குரல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். கடைக்காரர் பாத்திரம். சொன்னேன்.

நெறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "நல்லது. ஆனால் உச்சரிப்பு இன்னும் கொஞ்சம் உண்மையாய் இருக்கவேணும்" என்றார்.

"இது உண்மையானது" என்றேன்.

"ஓம். இன்னும் கொஞ்சம்."

ஐந்து தரம் முயன்றேன். என்னைப்போலப் பேச என்னால் முடியவில்லை. அடுத்த கிழமை தடிமன் மாறி ஒஷாவாக்காரர் வந்து ஒரே தரத்தில் செய்துவிட்டுப் போனார்.

காலம் மாறியது. சுவரில் எல்லா நிறத்து முகங்களும் சிரிக்கிற பெரிய படம் ஒன்று மாட்டினார்கள். கூட்டங்கள் வைத்தார்கள். பாத்திரம் எந்த இனமோ அந்த இனத்து நடிகரே குரல் கொடுக்கவேண்டும் என்று ஒரு விதி வந்தது. நல்ல விதி. ஒஷாவாக்காரர்கூட நல்ல விதி என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு நரிகளும் கரடிகளும் கிடைத்தன.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது அந்த ஜப்பானியக் காட்டூன் படம் வந்தது. காட்டூன் என்றால் சின்னப்பிள்ளைகளுக்கானது இல்லை. துப்பறியும் படம். கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது.

ஜப்பானில் ஒரு துறைமுக நகரம். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு வயதான தமிழர், சிற்றம்பலம் நடராசா. யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் கப்பலேறிப் போனவர். அவர் கடைக்கு வதனி என்ற பெண் வேலைக்கு வருகிறாள். வந்து இரண்டாம் நாள் கிழவரைக் காணவில்லை. கடை திறந்தபடி, அடுப்பு எரிந்தபடி. அவளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பொலிஸ் கேட்கிறது. அவள் பதில் சொல்லவில்லை. சந்தேகம் அவள்மேல் விழுகிறது. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைப் பாதுகாக்கும் கந்தோரில் வேலை செய்யும் ஒரு நடுத்தர வயதுப் பெண்தான் துப்பறிபவர். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அவர் கண்டுபிடிக்கிறார்: வதனி அந்தக் கிழவரின் மகள். குழந்தையாக விட்டுவிட்டுப் போன மகள். அவள் வேலை நேர அட்டையில் எழுதிய பெயரைக் கண்ட உடனே கிழவருக்கு விளங்கிவிட்டது. வெட்கத்தில் ஓடி ஒளித்துவிட்டார்.

அந்தத் துப்பறியும் பெண் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் படம். கடைப் பெயர்ப்பலகையில் சிற்றம்பலம் நடராசா. நேர அட்டையில் நடராசா வதனி. ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள். ஆகவே பொலிஸ் ஒருவரைச் சிற்றம்பலம் குடும்பம் என்றும் மற்றவரை நடராசா குடும்பம் என்றும் எழுதிக்கொள்கிறது. வேறு வேறு குடும்பம், உறவில்லை. எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, முன்னால் நிற்பது அப்பாவின் பெயர் என்பது அந்தத் தொலைந்த பொருள் பெண்ணுக்குக் கடைசியில்தான் பிடிபடுகிறது. ஒவ்வொரு பெயரும் முன் பெயரில் கொழுவிக்கொண்டு நிற்கிறது, ரயில் பெட்டிபோல.

கடைசிக் காட்சியில் கிழவர் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கிறார். திறக்க மறுக்கிறார். வதனி வெளியில் நின்று தன் முழுப் பெயரைச் சொல்கிறாள். வேறொன்றும் சொல்வதில்லை. கதவு திறக்கிறது.

வரைந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழவரின் குசினியில் இடியப்பத் தட்டுகள் ஆணியில் தொங்கின. உரலின் பிடி ஒருபக்கம் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு யாழ்ப்பாணத்தாரின் குசினியில் மணிக்கணக்காக இருந்து பார்த்திருக்கிறார்.

வதனிக்குக் குரல் கொடுக்க ஆரணி வந்தாள். முப்பது வயதிருக்கும், யூனியன்வில்லில் வளர்ந்தவள். பத்து வருடமாகக் கூட்டத்தில் ஒருத்தி, இரண்டாவது தாதி, லிஃப்டில் நிற்கும் பெண் என்று பேசிக்கொண்டிருந்தவள். பெயரோடு ஒரு பாத்திரம் இதுதான் முதல் தரம்.

ஆங்கில வசனம் எழுதியவன் பிறென்ற். நல்ல பையன் என்று சொல்லலாம், அவனுக்கு நாற்பத்தைந்து வயது என்றாலும். பெயர்ப்பட்டியலோடு நடையில் என்னை மறித்தான்.

"கந்தையா, ஜப்பான்காரர் ஒரு பிழை விட்டிருக்கினம். அப்பனுக்கும் மகளுக்கும் கடைசிப் பேர் வேறை வேறை. நான் ரெண்டு பேருக்கும் நடராசா எண்டு போட்டிருக்கிறன். உங்கட ஆக்களுக்குப் பரவாயில்லையோ?"

எனக்கு அப்போது மைக்றோவேவில் சோறு சூடாகிக்கொண்டிருந்தது. "எங்கட ஆக்களை என்னெண்டும் கூப்பிடலாம், பிறென்ற். எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன பகிடிகளில் செலவு கூடியது அதுதான்.

அவன் எழுதினான். எட்டாவது நிமிடத்தில் கடைப் பெயர்ப்பலகைக்கு அடியில் ஆங்கிலத்தில் மிஸ்டர் நடராசா. பதினோராவது நிமிடத்தில் நேர அட்டையில் வதனி நடராசா. பெயர்தான் முன்னமே தெரிந்துவிட்டதே என்று கடைசிக் காட்சியில் அவள் பெயர் சொல்கிற வரியை எடுத்துவிட்டு, "அப்பா, நான்தான்" என்று போட்டான். நான் மூன்று தரம் பார்த்தேன். படத்திலும் பட்டியலிலும் பெயர் ஒரே மாதிரி. சரி அடையாளம். கையெழுத்து.

தாள் திரும்பி வந்தது. தலையில் கேள்விக்குறி.

இரண்டு நாள் தேடினேன். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. மகிழ்ச்சியோடு அதைத் திருத்திக் கொடுத்தேன். டொறீன் கேள்விக்குறியை அழிக்கவில்லை.

அடுத்த நாள் மதியம் ஆரணி என் மேசைக்கு வந்தாள். குரல் பதிவு முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

"அங்கிள், ஒண்டு கேக்கட்டோ. ஒறிஜினலைப் பாத்தனான். லாஸ்ட் சீன்ல அவ தன்ர ஃபுல் நேம் சொல்லுறா. ஜப்பனீஸ்ல எண்டாலும் அது விளங்குது. எனக்கு ஏன் 'நான்தான்' மட்டும்?"

"பேர் நீளம், பிள்ளை. வாய் நோகும் எண்டு பிறென்ற் பாவம் பாத்திருப்பான்."

அவள் சிரிக்கவில்லை. "இந்த மூவில ஒறிஜினல் ஆக்ட்ரசுக்கு எல்லாரும் அழுத ஒரே இடம் அதுதான். நான் 'நான்தான்' எண்டு சொல்லேக்கை எனக்கே ஒண்டும் வரேல்லை. யார் 'நான்'? பத்து வருசம் வெயிற் பண்ணி ஒரு பேர் கிடைச்சது, அதையும் சொல்ல விடேல்லை."

"நெறியாளரிட்டைக் கேட்டனியே?"

"கேட்டனான். தமிழ் செக்கர் ஓகே பண்ணிட்டார் எண்டு சொன்னவர்."

தமிழ் செக்கர் அந்த நேரம் தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று பின்னேரம் ஸ்காபரோவில், எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள பிளாசாவில், மனைவிக்கு வந்த பார்சல் ஒன்றை எடுக்கப் போனேன். அவளுடைய தங்கை இலண்டனிலிருந்து அனுப்பிய சேலை. மருந்துக்கடையின் பின்மூலையில் தபால் மேசை. அங்கிருந்த பிள்ளை என் சாரதி அனுமதிப் பத்திரத்தையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தது.

"சேர், பார்சல் மிஸ்ஸிஸ் பஞ்சலிங்கத்துக்கு. உங்கட கடைசிப் பேர் கந்தையா."

இது எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் நான் மட்டும் கந்தையா. மனைவியும் பிள்ளைகளும் பஞ்சலிங்கம். மகள் மதுரா முதலாம் வகுப்பில் இருந்தபோது நான் கூட்டிக்கொண்டு போகப் போனால், ஆசிரியை என்னை அவளுடைய சிறிய தகப்பன் என்று நினைத்துத் தாயிடமிருந்து கடிதம் கேட்டிருக்கிறார். ஹொட்டேலில் எங்கள் இருவரையும் ஒருமாதிரிப் பார்த்திருக்கிறார்கள். இதற்கென்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். மனப்பாடம். அதைத் தொடங்கினேன்.

"பிள்ளை, எங்கட ஆக்களில அப்பிடித்தான். கந்தையா என்ர அப்பா. என்ர சொந்தப் பேர்தான் மனுசிக்கும் மகளுக்கும் கடைசிப் பேர். தகப்பனுக்கும் மகளுக்கும் கடைசிப் பேர் ஒண்டாய் இராது, ஏனெண்டால்..."

அங்கே நின்றுவிட்டேன்.

தபால் பிள்ளை எனக்குப் பின்னால் நின்றவரிடம், "அடுத்தது" என்றது.

பார்சல் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். "சேலை எங்கை?" என்றாள் மனைவி.

"நான் ஒரு படத்தைக் கெடுத்துப்போட்டன்."

"அதுக்கு என்ர சேலை என்ன செய்தது?"

விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருவத்தாறு வருசமா போற வாற இடமெல்லாம் உதைத்தானே சொல்லுறியள். வேலைக்குப் போகேக்கை மட்டும் மறந்திட்டியளோ?" என்றாள். மற்றவர்கள் எங்கள் பெயரைப் பிழையாகப் போட்டால் எனக்கு உடனே தெரியும். கனடாப் படிவம் எதிர்பார்க்கிற மாதிரிச் சரியாகப் போட்டால் தெரியாது. அத்தனை வருடம் படிவம் நிரப்பியதில் நானே ஒரு படிவமாகிவிட்டிருந்தேன்.

"உம்மடை லைசன்சையும் மதுராவின்ர லைப்ரரி கார்ட்டையும் தாரும்" என்றேன்.

"நாளைக்கு நான் கார் ஓடுறேல்லையோ?"

"ஒரு நாளைக்கு பஸ்ஸில போம். படத்துக்காக."

"படத்தை நானோ கெடுத்தனான்?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துத் தந்தாள்.

இங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். காலையில் பஸ்ஸில் போகும்போது பிறென்றின் தலையில் போட்டுவிட முடியுமா என்று யோசித்தேன். எழுதினது அவன். பட்டியல் அவனுடையது. எனக்கு மூன்று மாதம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை படம் வாடிக்கையாளருக்குப் போகிறது, அன்று செவ்வாய். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கப் போவதுமில்லை. தமிழ் செக்கர் ஓகே பண்ணிவிட்டார் என்று அவள் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

டொறீனின் மேசைக்கு நான் போனபோது முட்டை உரிபட்டுக்கொண்டிருந்தது. பிறென்றும் அங்கே நின்றான், வேறு வேலையாக. போகட்டும், அவனும் கேட்கட்டும் என்று அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். முதலில் என் பிறப்புச் சான்றிதழின் நகல். அதில் அப்பாவின் பெயர் வேலுப்பிள்ளை கந்தையா. அடுத்தது என் சாரதி அனுமதிப் பத்திரம், கடைசிப் பெயர் கந்தையா. பிறகு மனைவியினுடையது, கடைசிப் பெயர் பஞ்சலிங்கம். கடைசியில் மதுராவின் நூலக அட்டை, பஞ்சலிங்கம்.

"இதிலை ஆருக்கும் ஆருக்கும் என்ன உறவு எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

டொறீன் பார்த்தார். அட்டைகளை இடம் மாற்றி வைத்தார். ஒரு விரலால் என் பெயரைத் தொட்டு, பிறகு மகளின் கடைசிப் பெயரைத் தொட்டார்.

"இது முன்னாலையிருந்து பின்னுக்கு வருது" என்றார்.

"ஓம். ஜப்பான்காரர் பிழை விடேல்லை. அதுதான் துப்பு. நாங்கள் அதைத் திருத்திப்போட்டம். பதினோராம் நிமிசத்திலையே அப்பனும் மகளும் எண்டு எழுதிப் போட்டிருக்கிறம்."

பிறென்ற் தலையில் கை வைத்தான். "நான் உன்னட்டைக் கேட்டனான், கந்தையா" என்றான், மெதுவாக.

"கேட்டனீ. நான் பகிடி விட்டனான். பிறகு கையெழுத்தும் வைச்சனான். பிழை என்ரை."

டொறீன் முட்டையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். மேசையடியிலிருந்து எங்கள் தாளை எடுத்தார். கேள்விக்குறி அப்படியே இருந்தது.

"எனக்குப் பதினொரு நிமிசத்தில தெரிஞ்சதைக் கண்டுபிடிக்க அந்தப் பொம்பிளைக்கு ஏன் ஒண்டரை மணித்தியாலம் வேணும் எண்டு யோசிச்சனான். அதுதான் போட்டனான். எனக்குப் பெயர் முறை தெரியாது. உனக்குத் தெரியும்." தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "நீ படத்தைப் பாக்கேல்லை. பட்டியலைப் பாத்திருக்கிறாய்" என்றார்.

அவ்வளவுதான் ஏச்சு. முதல் தரமாக அது அப்பாவுக்கு விழவில்லை, எனக்கே விழுந்தது.

பிறகு அவர் பென்சிலை எடுத்துக் கணக்கிட்டார். பெயர்ப்பலகை ஒன்று, நேர அட்டை ஒன்று. பொலிஸ்காரரின் வசனங்களில் பெயர் வரும் இடம் பதினான்கு, அந்த நடிகர் வன்கூவரில். கடைசிக் காட்சி, ஆரணி. வரிகளையும் குரலையும் மூன்று நாளில் திருத்துவதென்றால் எல்லாரும் மற்ற வேலையை விட வேண்டும். வாடிக்கையாளரிடம் அவரே தொலைபேசியில் பேசினார். கதவு சாத்தியிருந்தது. வெளியில் வந்து, "வெள்ளி பின்னேரம் அஞ்சு மணி. அதுக்குள்ளை இல்லையெண்டால் உள்ளபடி போகும்" என்றார்.

பதினான்கு இடங்களையும் பிறென்ற் அன்றே எழுதி முடித்தான். ஒவ்வொரு பெயருக்கும் என் மேசைக்கு வந்து, "இது முன்னாலையோ, பின்னாலையோ?" என்று கேட்டான். பத்தாவது தரம் எனக்கே குழப்பம் வந்தது. வன்கூவர்காரரின் பகுதி வியாழன் மத்தியானம் வந்து சேர்ந்தது.

ஆரணி வெள்ளி காலையில் வந்தாள். அவளுக்குப் பதிவு நேரம் அரை மணி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டொறீனுக்குப் பக்கத்தில்.

குரல் கொடுக்கும் வேலையில் பெரிய தலையிடி வாய். படத்திலுள்ள வாய் ஜப்பானிய மொழிக்கு அசையும், எங்கள் வசனம் ஆங்கிலம். அது மூடும்போது நாங்கள் மூட வேண்டும். அதற்காக வசனத்தை இழுத்து, வெட்டி, ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போட்டு மாரடிப்போம். கடைசிக் காட்சியில் வதனியின் முகம் திரை முழுக்க வருகிறது. ஒளிக்க இடமில்லை.

விளக்கு எரிந்தது. ஆரணி சொன்னாள்: "வதனி நடராசா."

முதல் பெயர் முதலில், கடைசிப் பெயர் கடைசியில். இங்கே பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிட்ட நாளிலிருந்து அப்படித்தான். வாய் பொருந்தவில்லை. அவளே கையை உயர்த்தினாள்.

"வெயிற், வெயிற். சொறி. மற்றப் பக்கம்." பிறகு கண்ணாடிக்கு ஊடாக என்னைப் பார்த்தாள். "அங்கிள், என்ர பேரையே நான் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. அப்பாவை முன்னால வைச்சு."

"நானும்தான்" என்றேன். "மெதுவாச் சொல்லு."

மீண்டும் விளக்கு எரிந்தது.

"நடராசா," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "வதனி."

ஒன்றையும் வெட்டவில்லை. ஒன்றையும் இழுக்கவில்லை. அந்த வாயை வரைந்தவர்கள் அந்தப் பெயருக்கென்றே வரைந்திருக்கிறார்கள். ஜப்பானிய நடிகை சொன்னபோது அது ஓரிடத்தில் வழுக்கியிருந்தது, இப்போது வழுக்கவில்லை. நூற்றுப்பத்து நிமிடப் படத்தில் உதடும் குரலும் தாமாகவே ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

நெறியாளர், "இன்னொருக்கா எடுப்பமோ?" என்று டொறீனைப் பார்த்தார். டொறீன் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு அழிப்பானை எடுத்துத் தாளின் தலையிலிருந்த கேள்விக்குறியை அழித்தார். அவர் அழிப்பானைப் பாவித்து நான் கண்டது அன்றுதான்.

நாலு மணி நாற்பதுக்குப் படம் போனது.

ஆகவே, தொலைபேசியில் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இது. மெஷினும் அந்தப் பெயரைச் சரி என்றுதான் சொல்லும். நானும் சரி என்றுதானே சொன்னேன். மெஷின் சரி என்று சொன்ன பிறகு, ஒருக்கால் தபால் மேசைக்குப் போய் யாருக்காவது உன் பெயரை விளங்கப்படுத்திப் பார். அதற்குப் பிறகு படத்தைப் பார்.

என் கடைசி நாளுக்கு கேக் வாங்கும் பொறுப்பை பிறென்ற் எடுத்துக்கொண்டான். பாவம், பயந்துபோயிருந்தான். எந்தப் பெயர், எது முன்னால், என்று நாலு தரம் கேட்டான். கந்தையா பஞ்சலிங்கம், அதே ஒழுங்கில் என்று எழுதிக் கொடுத்தேன். பேக்கரிக்காரர் ஒரு கேக்கில் இவ்வளவும் கொள்ளாது என்றாராம். இரண்டு கேக் வந்தது. இடப்பக்கம் கந்தையா, வலப்பக்கம் பஞ்சலிங்கம்.

எல்லாருக்கும் தெரிந்தது கந்தையாதான். அதைத்தான் வெட்டினார்கள். இருபத்தாறு வருடம் வேலை செய்த மனிதர் பத்து நிமிடத்தில் முடிந்துபோனார். டொறீன் ஒரு துண்டு சாப்பிட்டார், இனிப்பு கூட என்றார். ஆரணிக்கு அடுத்த படம் கிடைத்திருந்தது. அதில் அவளுடைய பாத்திரத்துக்கு எந்த ஊர் அடையாளமும் இல்லை, ஒரு வக்கீல். அவசரமாக வந்து, கந்தையாவின் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பஞ்சலிங்கத்தை ஒருவரும் தொடவில்லை. பெட்டியோடு பஸ்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மதுரா பெட்டியைத் திறந்து பார்த்தாள். "வாவ், அப்பா, எங்கட பேர் போட்டிருக்கு."

"உங்கடை இல்லை. என்ரை" என்றேன்.

மனைவி கத்தியோடு வந்தாள். "உங்கட லைசன்சைக் காட்டுங்கோ" என்றாள்.

காட்டினேன். கடைசிப் பெயர் கந்தையா. பெயர் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, தாயும் மகளும் வெட்டத் தொடங்கினார்கள்.